வரைபடத்தில் ஒட்டிய பொட்டு

உள்ள வா கண்ணு, உள்ள வா. செருப்பை வாசல்ல உடாதே, கையில எடுத்துட்டு வந்துரு. வெளிய கெடந்தா ஆரோ வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுரும். கதவை ஒருக்களிச்சு வெச்சாப் பத்தாது, நல்லாச் சாத்து. ஆங், அப்படித்தான். அந்த ஸ்டூல்ல உக்காரு. சோபாவுல உக்காந்தா சன்னல் வழியா உன்ற தலை தெரியும்.

கார்ப்பரேஷன்ல இருந்தா வாரே? கழுத்துல அட்டை தொங்குதே. சர்வேயா? என்ன சர்வே? ஆராச்சும் புகார் குடுத்திருக்காங்களா? எம்பேர்ல? இல்லைன்னா முப்பத்தாறு ஊடு இருக்கற வீதியில நேரா எட்டாம் நம்பருக்கு எதுக்கு வந்தே? பொய் சொல்லாதே சாமி. இந்தக் கோகிலவாணி வயசுல பெரியவ, நெஞ்சு தாங்காதுன்னு நீ மறைக்க வேண்டாம். நான் ஒண்ணும் பயந்துக்க மாட்டேன்.

மெதுவாப் பேசு. எதுக்கால வேகாத வெயில்ல தேய்ப்பு வண்டி ஒண்ணு நிக்குது பாத்தியா? மஞ்சச் சேலை, தலையில ஈரத்துண்டு. அவதான் மாராயி. நீ கேட்டைத் தொறக்கறப்போ அவ நிமுந்து பாத்தாளா, குனிஞ்சே இருந்தாளா? கவனிக்கலையா? படிச்ச புள்ளை, இதையெல்லாம் கவனிக்க வேண்டாமா!

அந்தக் காயிதத்தை மடியிலயே வெச்சுக்க. அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நாஞ் சொல்றதைக் கேளு. எழுதாதே. பேனாவை மூடு, மூடீட்டியா? சரி.

புது நடைபாதை எப்படி இருக்குதுன்னு கேக்கத்தானே வந்தே? நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது. கலர் கல்லு, நடுவுல கண்ணு தெரியாதவங்களுக்கு மேடு வெச்ச மஞ்சக் கல்லு, பத்தடிக்கு ஒரு செடி, செடியைச் சுத்தி இரும்புக் கூண்டு. நம்ம வீதியா இதுன்னு வாரவங்கெல்லாம் வாயப் பொளக்கறாங்க. அதுல எனக்கும் பங்கு இருக்குது கண்ணு. வீதிச் சங்கத்துல நான் செயற்குழு உறுப்பினர். தண்டபாணி இஞ்சினீரு தலைவரு, ரிட்டயர்டு ஆனவரு. அவரு வந்து, "ஜனங்களைக் கேட்டு ஜனங்களே செய்யற வேலைங்கம்மா, நீங்க வராம எப்படி"ன்னு கூப்பிட்டாரு. நான் பாட்டுக்கு சிவனேன்னு ஊட்டுல இருந்திருக்கோணும். கெரகம், கெளம்பிப் போனேன்.

போன தை மாசம். பிள்ளையார் கோயில் மண்டபத்துல கூட்டம். கேசரி, வடை, காப்பி எல்லாம் உண்டு. நடுவுல நாலு மேசையை ஒட்டிப் போட்டு, மேல கல்யாண ஜமக்காளம் அத்தனை பெருசுக்கு ஒரு வரைபடம். நம்ம வீதிதான். ஒவ்வொரு ஊடு, ஒவ்வொரு மரம், ஒவ்வொரு கரண்டுக் கம்பம், எல்லாம் வரைஞ்சிருக்குது. உன்னாட்டவே ரெண்டு பசங்க, மீசை இப்பத்தான் மொளைக்குது, ஒரு டப்பா நெறைய வட்டவட்டமா ஸ்டிக்கர் வெச்சிருக்காங்க. பச்சை ஒட்டினா இங்க மரம் வேணும். மஞ்சள் ஒட்டினா பெஞ்சு வேணும். செகப்பு ஒட்டினா இது இங்க வேண்டாம். "பேர் எழுத வேண்டாங்க, ஆரு எதை ஒட்டினாங்கன்னு ஆருக்கும் தெரியாதுங்க"ன்னு அந்தப் பையன் மைக்குல சொன்னான். நல்லாக் கேட்டுக்க. ஆருக்கும் தெரியாதுன்னு சொன்னான்.

கால் மணி நேரத்துல செகப்பு தீந்து போச்சு. பச்சை ஒரு டப்பா அப்படியே கெடக்குது. அவனவன் பக்கத்து ஊட்டுக்காரன் படிக்கட்டு மேல ஒட்டறான், எதுத்த ஊட்டுக்காரன் காரு நிக்கற எடத்துல ஒட்டறான். தண்டபாணி ஊட்டுச் சாய்தளத்து மேலயே மூணு செகப்பு. அவரு அதைப் பாத்துட்டுச் சிரிச்சாரு, மூஞ்சி கறுத்துத்தான் போச்சு.

நான் வரிசையில கடைசி. எனக்குச் செகப்பு இல்லை.

எனக்கு எதுக்குச் செகப்புன்னு கேப்பே. பொகை கண்ணு, கரிப் பொகை. என்ற கேட்டுக்கு நேரா ஒரு புங்கமரம் இருந்துச்சு, அதனடியிலதான் அந்த வண்டி. இருவத்திரண்டு வருஷமா மாராயியும் அவ புருசன் ராக்கியப்பனும் அங்கயேதான் நின்னு தேய்ச்சாங்க. விடிஞ்சாப் பொகை ஊட்டுக்குள்ள வந்துரும். சாம்பல் வேற. கொடியில காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். அதுவுமில்லாம எந்நேரமும் ஆளுக வாரதும் போறதும் பேச்சும் சிரிப்பும். நாலு வருஷத்துக்கு முன்னால எங்கூட்டுக்காரரு போனதுக்குப் பொறவு நான் தனியாளு. ஆரு வாரா, ஆரு போறா, நான் எத்தனை மணிக்கு வெளக்கணைக்கறேன், எல்லாம் அவளுக்குத் தெரியும். தனியா இருக்கற பொம்பளைக்கு அது எத்தனை பயம்னு உனக்குத் தெரியாது. இதெல்லாம் நாயமான காரணந்தானே? நாயமில்லையா?

செகப்பு இல்லாம நிக்கறேன். பர்சுக்குள்ள கைய உட்டா பொட்டு அட்டை தட்டுப்படுது. அவரு இருந்தப்போ நான் வெச்சுட்டிருந்த பொட்டு. வெல்வெட்டு, நல்ல ரத்தச் செகப்பு, காலணா அத்தனை பெருசு. இப்ப வெக்கறதில்லை, இந்தா இந்தக் கறுப்புக் கடுகுதான். ஆனா அந்த அட்டையைத் தூக்கிப்போட மனசு வரலை, பர்சுலயே கெடந்துச்சு. ஒண்ணை உரிச்சேன்.

வண்டி எங்கேன்னு வரைபடத்துல தேடறேன், காணோம். கம்பம் இருக்குது, சாக்கடை மூடிகூட வட்டமாப் போட்டிருக்குது, புங்கமரம் பச்சை வட்டமா இருக்குது. வண்டி இல்லை. அந்தப் பையனைக் கேட்டேன். "அது டெம்பரவரிங்க ஆன்ட்டி, மேப்புல வராது"ங்கறான். இருவத்திரண்டு வருஷம் நின்னது டெம்பரவரியாம்! மரத்தடியிலதானே வண்டி, வேற எங்க ஒட்டறது? மரத்து மேலயே ஒட்டினேன். பெருவிரலை வெச்சு நல்லா அமுக்கினேன்.

அதோட நின்னிருந்தாப் போச்சு. ஆறாம் நம்பர்க்காரி பாத்துட்டா. "அக்கா, எனக்கொரு பொட்டு குடுங்க"ன்னா. அவளுக்கு அந்த மரத்து எலையெல்லாம் சாக்கடையில அடைச்சுக்குதுன்னு கோவம். பத்தாம் நம்பர்க்காரிக்குக் காருமேல காக்கா பீச்சுதுன்னு. இப்படி ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டாங்க. நானும் தாம்பூலம் குடுக்கறாப்பல உரிச்சு உரிச்சுக் குடுத்தேன். நிமுந்து பாத்தா அந்த ஒரு மரத்து மேல ஏழு பொட்டு. ஏழும் என்ற பொட்டு.

அடுத்த கூட்டத்துல முடிவை வாசிச்சாங்க. "எட்டாம் நம்பர் முன்னால உள்ள புங்கமரம், ஏழு செகப்பு. அகற்றப்படுகிறது. நடைபாதை நேராப் போகும்." மரத்தை நான் எப்பச் சொன்னேன்? வண்டியையல்லோ சொன்னேன்! எந்திரிக்கலாம்னு கைய ஊனிட்டேன். அப்பப் பாத்துத் தண்டபாணி, "ஆரு வெச்ச பொட்டோ, மகாலச்சுமி மாதிரி பெரிய பொட்டு"ன்னாரு. மண்டபமே சிரிச்சுது. எந்திரிச்சு மரம் வேண்டாம்னு சொல்லலைன்னு சொன்னா, அப்ப அந்தப் பொட்டு நீங்க வெச்சதாம்பாங்க. வண்டியைச் சொன்னேன்னு சொன்னா அது மாராயி காதுக்குப் போயிரும். பேசாம உக்காந்துட்டேன். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? சும்மா சொல்லாதே, நீயும் உக்காந்திருப்பே.

பங்குனியில மரத்தை வெட்ட வந்தாங்க. மெசின் ரம்பம். நான் சன்னல்கிட்ட திரைக்குப் பின்னால நின்னேன். மாராயி அழுகவும் இல்லை, கத்தவும் இல்லை. "சித்தெ இருங்க சாமி"ன்னு ஆளுககிட்டச் சொல்லிட்டு, மரத்துல ஆணியடிச்சு மாட்டி வெச்சிருந்த பையி, தூக்குப்போசி, தண்ணிக் கேனு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எறக்கினா. கடைசியா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு நேரா என்ற கேட்டுக்கு வந்துட்டா.

தெரிஞ்சுபோச்சுடான்னு நெனைச்சேன். பதினெட்டு வருஷம் அந்தப் பொட்டு வெச்ச மூஞ்சியைத்தானே அவ தெனமும் பாத்திருக்கறா? வரைபடத்தை ஒருக்காப் பாத்தாப் பத்தாதா? ஸ்டூலை வாசல்ல வெச்சுட்டு, "அய்யா உக்கார்றதுங்கம்மா. மரம் போயிருச்சு, இனி இது உங்க ஊட்டுலயே இருக்கட்டும்"ன்னா. அவ்வளவுதான். போயிட்டா. என்ன அர்த்தம் அதுக்கு? எங்கூட்டுக்காரரு போயி நாலு வருஷம் குடுக்காததை அன்னைக்கு எதுக்குக் கொண்டாந்து வெக்கோணும்? நல்லா ரோசிச்சுப் பாத்துட்டேன், அது எச்சரிக்கைதான்.

ஏன் எந்திரிக்கறே? ஆமாங் கண்ணு, நீ உக்காந்திருக்கறதுதான் அந்த ஸ்டூல். அதுல ஒண்ணும் இல்லை, மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். உக்காரு.

மரம் போனா வண்டியும் போயிரும்னு நெனைச்சேன். போகலை. சித்திரை வெயில்ல, தலைக்கு மேல ஒரு துணிகூட இல்லாம, எதுத்த பக்கம் போயி நின்னுக்கிட்டாங்க. கீழ கரி போட்ட தேய்ப்புப் பெட்டி, மேல சூரியன். நடைபாதை வேலை நடந்ததால ஒரு கீத்துக்கொட்டாய் போடக்கூட உடலை. இருவத்திமூணு நாளு. நான் எண்ணினேன். இருவத்திமூணாம் நாளு ராக்கியப்பன் பெட்டியைக் கையில புடிச்சபடியே சாஞ்சுட்டான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. உசுரு இருக்குது. வலது கையிதான் தூக்க வர மாட்டீங்குது, இப்ப ஊட்டோட கெடக்கறான்.

அதுக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்கு முன்னாலயே சக்கரை இருந்துச்சு. வெத்தலை போடுவான். டாக்டரே சொன்னாரு, சக்கரையினாலதான்னு. சொன்னாராம். சொல்லியிருப்பாரு, டாக்டருங்க அப்படித்தானே சொல்லுவாங்க.

இத்தோட முடிஞ்சிருந்தாலும் பரவால்லை. ஆடியில தெறப்பு விழா. தண்டபாணிக்கு ஒரு ரோசனை. ஜனங்க பொட்டு வெச்ச வரைபடத்தைக் கண்ணாடி போட்டு வீதி மொனையில மாட்டோணுமாம். இந்த வீதியை நாங்களே செஞ்சோம்னு ஊருக்குத் தெரியோணுமாம். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. வீதி மொனையில, வார போற அத்தனை சனமும் பாக்க, என்ற பொட்டு! அதுக்கு நேரா நின்னு பஸ்ஸுக்குக் காத்திருப்பா மாராயி.

மறுநாள் பகல்ல அவரு ஊட்டுக்குப் போனேன். "வரைபடம் தூசியா இருக்குமே, தொடைச்சுத் தாரேன்"னு சொன்னேன். "செயற்குழுன்னா இப்படியல்லோ இருக்கோணும்"னு அவரு சம்சாரம் காப்பி போட உள்ள போயிட்டா. நான் நகத்தை உட்டு என்ற பொட்டை நெம்பறேன். அந்த ஏழுல என்றது எதுன்னு எனக்குத் தெரியும், நடுவுல இருந்தது. ஒட்டு நல்லா ஊறிப்போச்சு, வர மாட்டீங்குது. ஒரே இழுப்பா இழுத்தேன். வந்துச்சு. கூடவே காயிதமும் கிழிஞ்சு வந்துருச்சு. எட்டாம் நம்பர் ஊட்டு வாசல்ல வெள்ளை வெளேர்னு ஒரு ஓட்டை. மத்த ஆறும் அதைச் சுத்தி நிக்குது. காப்பிய நின்னபடியே முழுங்கீட்டு வந்துட்டேன்.

இப்பக் கண்ணாடிக்குள்ள அதுதான் மொதல்ல கண்ணுல படுது. பாக்கறவங்கெல்லாம், "அதென்ன எட்டாம் நம்பர்கிட்ட ஓட்டை?"ன்னு கேக்கறாங்களாம். நான் மொனைப் பக்கமே போறதில்லை. கடைக்குப் போகோணும்னா பின் சந்துல சுத்திக்கிட்டுப் போறேன். துணி தேய்ச்சு அஞ்சு மாசம் ஆச்சு, பாரு இந்தச் சேலையை. அவ கையில துணியைக் குடுக்கவும் பயம், வேற எடத்துல குடுத்தா ஏன்னு கேப்பாளோன்னு பயம்.

அவ என்ன பண்ணறா தெரியுமா? ஒவ்வொரு செடிக்கும் ஒரு ஊட்டுக்காரரு பொறுப்பு. கூண்டுல தகரத்துல பேர் எழுதி மாட்டியிருக்கு. என்ற கேட்டு முன்னால வெச்ச செடியில 'பராமரிப்பு: கோகிலவாணி'ன்னு இருக்குது. அதுக்குத் தண்ணி ஊத்த நான் வெளிய போறதில்லை, போனா எதுக்கால அவ நிப்பா. ஒரு நாளு சன்னல்ல பாத்தா அவ ஊத்தறா. துணிக்குத் தெளிக்கற தண்ணியில மிச்சத்தைக் கொண்டாந்து, வெயில் தாள நெதமும் ஊத்தறா. எதுக்கு? என்ற பேர்ல இருக்கற செடிக்கு அவ எதுக்கு ஊத்தோணும்? நான் ஊத்தறதில்லைன்னு ஊருக்குக் காட்டத்தானே? இல்லை, தண்ணியில எதையாச்சும் கலந்து ஊத்தறாளா? செடி கருகுதான்னு தெனமும் பாக்கறேன். கருகலை. வீதியிலயே அதுதான் நல்லா தளதளன்னு வருது. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது.

என்ன கேட்டே? அவ என்ன கெட்டது பண்ணினான்னா?

பண்ணலை. கெட்டது பண்ணினான்னு நாஞ் சொன்னேனா? பொகைன்னு சொன்னேன். சாம்பல்னு சொன்னேன்.

சரி, கேட்டுட்டே, சொல்றேன். இதை எழுதாதே. எங்கூட்டுக்காரரு மில்லுல இருந்து ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் பொழுதோட அஞ்சு மணியானா மரத்தடிக்குப் போயி அந்த ஸ்டூல்ல உக்காந்துக்குவாரு. ரெண்டு மணி நேரம். ராக்கியப்பன் தேய்ப்பான், இவ மடிப்பா, இவரு பேசுவாரு. என்னதான் பேசுவாங்களோ, சிரிப்பு இங்க வரைக்கும் கேக்கும். ஊட்டுக்குள்ள வந்தா ரெண்டு வார்த்தை. சோறு போடு, ஃபேனைப் போடு. நானும் அதைப் பெருசா எடுத்துக்கலை. ஆம்பளைங்க அப்படித்தான்னு உட்டுட்டேன்.

அவரு போயி பதினாறாம் நாளு காரியத்துக்கு இவ வந்தா. மூலையில நின்னு அழுதுட்டு எங்கிட்டச் சொல்றா. "அய்யா ஒரு மாசமா நெஞ்சு எரியுது மாராயின்னு சொல்லிட்டே இருந்தாருங்கம்மா. அம்மாகிட்டச் சொல்லுங்கன்னு நானுந்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். சொன்னா அவ பயந்துக்குவான்னு சொல்லிட்டாருங்க."

முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்தினவ நான். நெஞ்சுவலியை எங்கிட்டச் சொல்லலை, தேய்க்கறவகிட்டச் சொன்னாரு. நான் பயந்துக்குவேனாம்! நானா பயந்துக்கறவ? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தோள்ல தூக்கிக்கிட்டாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே கண்ணு. அதுக்கப்புறம் அந்த மரத்தைப் பாக்கறப்பெல்லாம், அந்தச் சிரிப்புக் கேக்கறப்பெல்லாம், வயிறு பத்திக்கிட்டு எரியும். போதுமா? இப்பத் தெரிஞ்சுதா?

அழுகலை. ஃபேன் காத்து கண்ணுல அடிக்குது.

சரி, அந்தக் காயிதத்தைக் குடு, என்ன புகார்னு பாத்துத் தொலைச்சுர்றேன். கண்ணாடி எங்கே... ஆங். இது புகார் இல்லையே. என்னது, விண்ணப்பமா? 'நடைபாதை ஓரம் இஸ்திரி வண்டி நிறுத்த அனுமதி. எட்டாம் எண் வீட்டின் முன்புறம்.' என்ற ஊட்டு முன்னாலயா? பழைய எடத்துக்கே வாராளா? கூரை வெச்ச வண்டியா? கார்ப்பரேஷனே நெழல் கூரை வெச்சுத் தருதா? ஊட்டுக்காரரு சம்மதம் வேணும். ஓ. அதுக்குத்தான் நீ வந்தயா. அதை மொதல்லயே சொல்லக் கூடாதா, என்னை இத்தனை நேரம் பேச உட்டுட்டே!

இரு, இரு, இங்க கீழ என்ன எழுதியிருக்குது? 'இவ்வீதியில் உங்களை நன்கு அறிந்தவர் ஒருவர்.' கோகிலவாணி அம்மா, எட்டாம் நம்பர். என்ற பேரு. ஆரு எழுதினது? அவ சொல்லச் சொல்ல நீ எழுதினயா? பாத்தியா, பாத்தியா, முப்பத்தாறு ஊட்டுல என்ற பேரைச் சொல்லியிருக்கறா! வேணும்னேதான் சொல்லியிருக்கறா. எல்லாந் தெரிஞ்சு, என்னைக் கொக்கி போட்டு இழுக்கறதுக்குத்தான். வேற எதுக்குச் சொல்லுவா? என்ன சொன்னா? "அந்த அம்மா இருக்கறவரைக்கும் எனக்குக் கொறை இல்லை"ன்னா? அப்படியா சொன்னா? சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, எப்படிச் சொன்னா?

வேண்டாங் கண்ணு. ஆட்சேபணை இருக்குன்னு எழுதிரு. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். கூரை வெச்சாலும் தகரம் கொதிக்கும். அவளுக்கும் வயசாச்சு. ஊட்டுல சீக்காளி கெடக்கறான், அவனைப் பாக்க வேண்டாமா? அப்படியே காரணத்துல எழுதிரு, 'விண்ணப்பதாரரின் உடல்நலன் கருதி'ன்னு. நல்லா இருக்குதல்லோ? தெனமும் கேட்டைத் தொறந்தா அவ மூஞ்சியில முழிச்சு நான் எப்படிக் கண்ணு இருப்பேன்? செத்துப் போயிருவேன்.

பேரு வெளிய வராதுதானே?

என்னது? அவளுக்கு ஒரு நகல் போகுமா? ஆரு ஆட்சேபணை சொன்னாங்க, என்ன காரணம், கையெழுத்தோடவா? ஆருக்கும் தெரியாதுன்னு அன்னைக்கு மைக்குல சொன்னீங்களே! அது வேற, இது வேறயா? உங்களுக்கென்ன, வேற வேறன்னு சொல்லிட்டுப் போயிருவீங்க.

சித்தெ இரு. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

ஆட்சேபணைன்னா அவ கையில என்ற பேரு போகும். சம்மதம்னா அவ என்ற வாசல்ல வந்து நிப்பா. வேற ஒண்ணும் இல்லையா? பேசாம இருந்தா என்ன? ஏழு நாளுல பதில் இல்லைன்னா ஆட்சேபணைன்னு எடுத்துக்குவீங்களா? அப்படி ஒரு சட்டமா! அடப்பாவிகளா.

எங்க போடோணும்? இங்கயா? சம்மதம்ங்கற கட்டத்துல டிக்கு நீ போடு. கையெழுத்து நான் போடறேன். பேனாவைக் குடு. நல்லெண்ணத்துல போடறேன்னு நெனைச்சுக்காதே கண்ணு, நான் அத்தனை நல்லவ இல்லை. பயந்துக்கிட்டுத்தான் போடறேன். அவரு சரியாத்தான் சொல்லியிருக்கறாரு.

இந்தா. போட்டாச்சு. நீ இப்பப் போனதும் அவகிட்டச் சொல்லாதே. ஆபீஸ்ல இருந்து லெட்டரு வந்து தெரிஞ்சுக்கட்டும். ஒரு மாசம் ஆகும்தானே? அதுக்குள்ள நான் பொள்ளாச்சிக்கு மக ஊட்டுக்குப் போயிருவேன். ஏய், எதுக்கு அந்தச் சன்னலைத் தொறக்கறே? கையக் காட்டாதே! எதுக்குத் தலைய ஆட்டறே அவளைப் பாத்து? ஐயோ, சொல்லீட்டியா? கேட்டுக்கிட்டே நின்னாளா, இத்தனை நேரமும் நீ என்ன பதில் கொண்டு வாரேன்னு பாத்துட்டா நின்னா?

பெட்டியைக் கீழ வெச்சுட்டா. வாரா. வண்டியை அப்படியே உட்டுட்டு வாரா. போகாதே கண்ணு, செருப்பைப் போடாதே, சித்தெ எங்கூட இரு. நான் ஊட்டுல இல்லைன்னு சொல்லு. கேட்டைத் தொறந்துட்டா. ரெண்டு கையும் தலைக்கு மேல கூப்பிக் கும்பிட்டுக்கிட்டே வாரா. அழுகறா. என்னைக் கும்பிட்டுக்கிட்டே வாரா கண்ணு, நான் எங்க போயி ஒளிஞ்சுக்கறது?